ஆறாவது கேள்வி

டிக்.

குதிரைகளை ஏற்றிவருகிற அந்த ட்ரெய்லருக்குள் அந்தச் சத்தம் வர வழியே இல்லை. கேஸ் ஹீட்டரின் குமிழை அமுக்கித் திருகினால் பொறி பறக்குமே, அதற்கு முன்னால் வருகிற சின்ன 'டிக்'. பதினெட்டு வருஷமாக ஒரே கடையில் நின்று, குளிர்காலம் வந்தால் ஒரு நாளைக்கு முப்பது தடவை வாடிக்கையாளர்களுக்கு அமுக்கிக் காட்டிய விரல் ஆரினுடையது. அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் இன்ன மாடல் என்று சொல்லிவிடுவான். ஆனால் இந்த ட்ரெய்லரில் கேஸ் ஹீட்டர் கிடையாது. சிலிண்டர் கிடையாது. சமையலைக்கூட வெளியே மரத்தடியில் விறகு மூட்டித்தான் முடித்திருந்தார்கள்.

"நீ எதையாவது அமுக்கினியா?"

"என்னத்த அமுக்க? இந்தப் பூட்ஸைக் கழட்டவே கை வரமாட்டேங்குது." மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி க்ளென்னா காலை நீட்டினாள். "வந்து இழு. எலித் தொல்லையா இருக்கும்."

ஆரின் பூட்ஸை இழுத்துவிட்டான். எலி என்றே வைத்துக்கொள்வோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

வயோமிங் மலையில் ஒன்பதாயிரம் அடி உயரம். எல்க் மான் வேட்டைக்கு நாளை விடிந்தால் முதல் நாள். நடுப்பகலில் தொடங்கிய பனி இன்னும் நிற்கவில்லை. இரண்டு குதிரைகளையும் இறக்கி, இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிற்றில் கட்டியாகிவிட்டது. அவை நின்று வந்த இடத்தைக் கூட்டித் தள்ளி, வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் இரண்டு கட்டிலைப் போட்டுப் படுக்கையறை ஆக்கியிருந்தார்கள். ஹோட்டலில் தங்குகிற சாதி இல்லை அவர்கள். தோல் சேணத்தின் வாடை, காபி வாடை, ரப்பர் விரிப்புக்கு அடியில் பலகை இடுக்கில் ஊறிப்போன குதிரை மூத்திர வாடை, எல்லாம் கலந்து மூக்குக்குப் பழகிப்போய் அதுவே வீட்டு வாசனை மாதிரி ஆகிவிட்டிருந்தது. மூலையில் டீசல் ஹீட்டர் சன்னமாக இரைந்தபடி வெந்நீர் போட்ட குளியலறையின் கதகதப்பைத் தந்துகொண்டிருந்தது.

அந்த ஹீட்டரைத் தேர்ந்தெடுக்க ஆரின் மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுக்க வேண்டும், புகையை வெளியிலேயே தள்ள வேண்டும், உள்ளே வருவது வெறும் சூடு மட்டுமாக இருக்க வேண்டும். தரையில் துளை போட்டு, குழாயை அடிவழியே கொண்டுபோய், ட்ரெய்லரின் ஓரத்தைத் தாண்டி நீட்டிவிட்டிருந்தான். இணைப்புக்கு இணைப்பு இரும்புப் பட்டை. கட்டிலின் தலைமாட்டில் விஷவாயு அலாரம். அதற்கும் மேலே, ஜன்னல் ஒரு சாண் திறந்தே இருக்க வேண்டும் என்று உத்தரவு.

"என்னைக் கட்டிக்க நீ மூணு நாள்கூட யோசிக்கல, மனுஷா," என்றாள் க்ளென்னா. "ஒரு ஹீட்டருக்கு மூணு வாரம். யாரு மேல ஆசை ஜாஸ்தின்னு இப்பத்தான் புரியுது."

"ஹீட்டர் வாயாடாதுல்ல."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் ஏன் மூன்று வாரம் யோசித்தான் என்று அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் ஒரு வருஷமாக அவன் இராத்தூக்கத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறான்.

போன அக்டோபரில் நடந்தது அது. ஆரின் வேலை செய்கிற கடை, தீவனத்திலிருந்து சேணம் வரை எல்லாம் விற்கிற கடை. குளிர் வந்துவிட்டால் கல்லாப் பக்கத்தில் இருக்கும் காபிப் பானையைச் சுற்றி நாலு பெருசுகள் நின்று வம்பளப்பார்கள். ஆரினுக்கு ஒரு குணம். சுற்றி நாலு பேர் நின்றுவிட்டால் அவனுக்கு நாக்கு ஒரு முழம் நீளும். யாரையாவது ஒருத்தனைப் பிடித்து மற்றவர்களைச் சிரிக்க வைக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அன்றைக்கு மாட்டியவன் வெஸ் தேயர். இருபத்து நாலு வயசு, கல்யாணமாகி நாலே மாதம். வாசலில் மெரூன் நிற ட்ரெய்லரை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"சார், குதிரை ட்ரெய்லர்ல படுத்துத் தூங்கணும். நானும் டானாவும். எந்த ஹீட்டர் ஆபத்தில்லாதது?"

கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான். கோடு போட்ட மஞ்சள் தாள். அழகான, வட்ட வட்டமான பெண் கையெழுத்து. நம்பர் போட்டு ஆறு கேள்வி.

"அடடே, பொண்டாட்டி சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பியிருக்கா!" என்றான் ஆரின், பானைப் பக்கம் கேட்கிற மாதிரி. "டயப்பர் எந்த சைஸ்னு எழுதலையா?"

பெருசுகள் சிரித்தன. பர்ல் கிழவனுக்குக் காபி மூக்கில் ஏறியது. பையன் காது சிவந்தது.

டீசல் ஹீட்டர் அலமாரியில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். பத்து நிமிஷம் பொறுமையாகச் சொல்லியிருந்தால் பையன் வாங்கிக்கொண்டு போயிருப்பான். சிரிப்பு நின்றுபோயிருக்கும், அவ்வளவுதான் நஷ்டம். ஆரின் கேஸ் ஹீட்டரை எடுத்து வைத்தான். கடையின் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் வாத்தியார் மாதிரி டிக் போட்டுக்கொண்டே போனான்.

இதை ட்ரெய்லருக்குள் வைக்கலாமா? வைக்கலாம், டிக். எரியவிட்டுத் தூங்கலாமா? தூங்கலாம், டிக். ஒன்பதாயிரம் அடியில் எரியுமா? அங்கேதான் கொஞ்சம் தகராறு. காற்று போதாவிட்டால் தானாகவே அணைந்துபோகிற ஒரு கருவி அதற்குள் இருக்கிறது. மலை மேலே காற்று இயல்பாகவே லேசு என்பதால் அது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அணைத்துக்கொண்டே இருக்கும். "இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு," என்று குறட்டை எடுத்து, அந்தக் கருவியின் கம்பியை அவனே வளைத்துவிட்டான். "இனி நீயா அணைச்சாத்தான் அணையும்." டிக். ஜன்னலை எவ்வளவு திறக்க வேண்டும்? "ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு ஹீட்டர் போடுறதா? ஏன்டா, மலைக்கே சூடு காட்டப் போறியா?" டிக். விஷவாயு அலாரம்?

"குதிரை ட்ரெய்லர்ல அலாரமா?" ஆரின் பெருசுகளைப் பார்த்துக் கண்ணடித்தான். "குதிரை மூத்திர வாடை பட்டாலே கத்தும்டா அது. ராத்திரி பூரா கத்தும். புதுப் பொண்டாட்டியோட போற, உனக்கு அந்த நேரத்துல அலாரம் தேவையா? பேட்டரியக் கழட்டிப் போடு."

அந்த மூத்திர விஷயம் அந்த நிமிஷத்தில் அவன் வாயில் வந்த சரடு. கடையே குலுங்கியது. ஐந்தாவது டிக்.

"சார், இன்னும் ஒண்ணு..." என்றான் பையன்.

யாரும் கேட்கவில்லை. பையன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் ட்ரெய்லருக்குள் இரண்டு பேரையும் வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பார்த்தவன் ஒருத்தன் கடைக்கு வந்து சொன்னான். செத்த முகம் மாதிரியே இல்லையாம். அந்த வாயு அப்படித்தானாம். கன்னமும் உதடும் ரோஜா நிறத்தில், இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி, ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு. ஷெரிஃப் விசாரிக்க வந்தபோது ஆரின் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "எரியவிட்டுத் தூங்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். சின்னப் பசங்க எங்க கேக்குறாங்க?" கம்பியை யார் வளைத்தது? பையனே வளைத்திருப்பான். அலாரம்? பையனே கழட்டியிருப்பான். காபிப் பானைப் பக்கம் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வீட்டில் க்ளென்னா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். "நீ சொல்லித்தானே அனுப்பின. உன் தப்பு என்ன இருக்கு?" ஊர் பூராவும் அதையே சொன்னது. அந்தப் பெயரோடுதான் அவன் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறான்.

வெட்கம் கெட்டவன், அந்த மூத்திரச் சரடை மட்டும் விடவில்லை. நல்ல ஜோக். விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரிக்க வைத்தான்.

டிக்.

இந்தத் தடவை க்ளென்னாவும் தலையைத் தூக்கினாள். "சொன்னேன்ல, எலி. வைக்கோலுக்குள்ள பாரு."

ஆரின் டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டான். வைக்கோலுக்குள் எதுவுமில்லை. சத்தம் வந்தது சுவர்ப் பக்கம். குதிரைக்கு அடிபடாமலிருக்கச் சுவரில் மெத்தை மாதிரி தைத்த ரப்பர் தட்டி ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு திருகாணி கழன்று தொங்கியது. தட்டியை விலக்கினான். தகரத்தில் பழைய கீறல். மேலே நீலம். கீறலுக்குள் மெரூன்.

க்ளென்னா இந்த ட்ரெய்லரை ஐடஹோ பக்கம் ஏதோ ஏலத்தில் எடுத்திருந்தாள். திருமண நாளுக்காக அவனுக்குத் தெரியாமல் வாங்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "கண்ணைத் தொற!" என்றாள். நீலப் பெயின்ட் பளபளத்தது. அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான்.

தட்டிக்குப் பின்னால் ஒரு காகிதம் செருகியிருந்தது. மஞ்சள் தாள். வட்டக் கையெழுத்து. ஐந்து சிவப்பு டிக். அன்றைக்குக் கடையில் அவன் காதில் வாங்காமல் விட்ட ஆறாவது கேள்வி அதில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மட்டும் டிக் இல்லை.

'6. கடைக்காரர் தன்னோட மனைவியை இதோட தூங்க விடுவாரா? கட்டாயம் கேள், வெஸ்.'

"என்ன அது?"

"பழைய ரசீது." தாளைச் சட்டைப் பைக்குள் திணித்தான். "க்ளென், கெளம்பிடலாமா?"

"எங்க?"

"வீட்டுக்கு."

"இந்தப் பனியிலயா? குதிரைய ஏத்திக்கிட்டு, இந்த வளைவெல்லாம் இறங்கி? என்னாச்சு உனக்கு?" அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னன்னு சொல்லு. சொன்னா கெளம்புறேன்."

சொல்லலாம். இது அந்த ட்ரெய்லர் என்று ஒரே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பாள். காகிதத்தைக் காட்டு என்பாள். அந்த டிக்கெல்லாம் யார் போட்டது என்பாள். க்ளென்னா அவனை விட்டுப் போகிறவள் இல்லை. அதைவிட மோசம், அவனைப் பார்க்கிறவள். இருபத்தைந்து வருஷம் ஒரே மாதிரி பார்த்த கண் வேறு மாதிரி பார்க்கும்.

"ஒண்ணுமில்ல. முதுகு புடிச்சுக்கிச்சு, அதான்."

"கெழவா," என்று சொல்லிவிட்டு அவள் போர்வையை உதறினாள்.

விடியலுக்கு முன்னால் எழவேண்டியவர்கள் என்பதால் ஏழு மணிக்கே படுத்துவிட்டார்கள். விளக்கை அணைத்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அலாரம் கத்தியது. தகரக் கூட்டுக்குள் அந்தச் சத்தம் காதைக் கிழித்தது. வெளியே குதிரைகள் கயிற்றை இழுத்துக் கனைத்தன.

ஆரின் குதித்து எழுந்தான். ஹீட்டரைப் பார்த்தான். சீராக ஓடிக்கொண்டிருந்தது. கருகல் வாடை இல்லை. கதவைத் திறந்து போட்டான், ஜன்னலை முழுசாகத் திறந்தான். அலாரம் நிற்கவில்லை.

"கதவை மூடு, செத்துருவேன்!" க்ளென்னா போர்வைக்குள்ளிருந்து கத்தினாள். "அந்தச் சனியனோட பேட்டரியக் கழட்டு!"

"இரு, ஏன் கத்துதுன்னு..."

"ஏன்னா? இது என்ன கேள்வி? மத்தியானம் வரைக்கும் ரெண்டு குதிரையும் இங்க நின்னு தரையெல்லாம் நனைச்சிருக்கு. சூடு ஏறினதும் வாடை கெளம்புது. நீதானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்ச, குதிரை மூத்திரத்துக்குக் கத்தும்னு?"

அவன் வாயைத் திறந்தான்.

அது பொய், க்ளென். மூத்திரத்துக்கு அது கத்தாது. நானாக அடித்துவிட்ட கதை. எழுந்திரு, வெளியே போகலாம்.

அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரு மூச்சில் முடிகிற விஷயம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடையில் நாலு பேர் முன்னால் ஒரு முழம் நீண்ட நாக்கு.

"கழட்டுப்பா. தலை வலிக்குது எனக்கு."

"தலை வலிக்குதா?"

"இவ்வளவு உயரம் ஏறி வந்தா வலிக்காதா? வருஷா வருஷம் வலிக்கிறதுதான்."

ஆரின் பேட்டரியைக் கழற்றினான். அவள் தூங்கியதும் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தான். நல்ல ஹீட்டர். மூன்று வாரம் பார்த்து வாங்கியது. எதுவும் ஆகாது. பேட்டரியைச் சட்டைப் பையில், அந்தக் காகிதத்தோடு போட்டுக்கொண்டான். கதவைச் சாத்தினான். ஜன்னலை மட்டும் இரண்டு சாண் திறந்து வைத்தான்.

இருட்டில் படுத்திருந்தான். பனி தகரக் கூரையில் விழுகிற சத்தம்கூட இல்லாத அமைதியில் டீசல் ஹீட்டரின் இரைச்சலும் க்ளென்னாவின் மூச்சும் மட்டும் கேட்டன. மூச்சு மெல்ல மெல்ல நீளமாகி, தூங்கப்போகிறவளின் மூச்சாக மாறுவதை அவன் காது எண்ணிக்கொண்டே இருந்தது. அந்த இரண்டு சத்தத்துக்கும் அடியில், சுவர்ப் பக்கமிருந்து, யாரோ காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரிக்கிற சரசரப்பு. அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். காகிதம் அங்கேதான் இருந்தது. சரசரப்பும் நிற்கவில்லை.

"ஒண்ணு," என்றது ஒரு பெண் குரல். ரொம்ப மெதுவாக. பாடம் படிக்கிற மாதிரி.

டிக்.

"ரெண்டு."

டிக்.

போர்வைக்குள் அவன் கை கால் அசையவில்லை. க்ளென்னாவைக் கூப்பிட நினைத்தான். கூப்பிட்டு என்ன சொல்வது?

"மூணு."

டிக். ஏதோ கம்பி வளைகிற முனகல்.

"நாலு."

டிக். ஜன்னல் பக்கம் காற்று நின்றது.

"அஞ்சு."

டிக். அடுத்து 'புஸ்' என்று ஒரு சத்தம். தீ பிடித்துக்கொள்கிற சத்தம்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஆரின் எழுந்தான். குழாய். குழாயைப் பார்த்துவிட வேண்டும். குழாய் கழன்றிருந்தால் மாட்டிவிடலாம். வெறும் குழாய் விவகாரம் என்றால் யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் கதவைத் திறந்து, வெளியே இறங்கிச் சாத்தினான். எழுப்பாமல் போனான், பாவி. எழுப்பினால் ஏன் என்று கேட்பாளே.

முழங்கால் வரை பனி. குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தான். குழாய் வைத்தது வைத்தபடி இருந்தது. பட்டைகள் இறுக்கம். குழாயின் வாயைப் பனி அடைக்கவில்லை. சூடான புகை சுத்தமாக வெளியே போய் இருட்டில் கரைந்துகொண்டிருந்தது. எங்கேயும் ஒரு குறையும் இல்லை. அவனுக்கு அழுகை வருகிற அளவுக்கு நிம்மதி. நல்ல ஹீட்டர். சரியாகத்தான் வாங்கியிருக்கிறோம்.

குதிரைகளைப் பார்த்தான். இரண்டும் கயிற்றின் கடைசி முனைக்குப் போய் ஒட்டிக்கொண்டு நின்றன, ட்ரெய்லருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

திரும்பினான்.

ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடியில் ஆரஞ்சு வெளிச்சம்.

டீசல் ஹீட்டருக்கு வெளிச்சம் கிடையாது.

கதவைப் பிடித்து இழுத்தான். உள்தாழ்ப்பாள் விழுந்திருந்தது. ஜன்னலுக்குக் குதிரை தலை நீட்டாமலிருக்கப் போட்ட இரும்புக் கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். தரையில், கட்டிலுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு கேஸ் ஹீட்டர். தணல் மாதிரி ஜொலித்தது. அதன் முகப்பில் ஒரு கம்பி வளைந்திருந்தது. அந்த வளைவை அவனுக்குத் தெரியும். குறட்டின் பல் பட்ட தடம் வரைக்கும் தெரியும்.

கோடாலி, ட்ரெய்லரை இழுத்து வந்த லாரியில். லாரிச் சாவி ட்ரெய்லருக்கு உள்ளே.

"க்ளென்னா! க்ளென்!" இரண்டு கையாலும் தகரத்தை அடித்தான்.

"ம்ம்..."

உயிர் இருந்தது. தூக்கக் குரல். இன்னும் நேரம் இருந்தது.

"கதவைத் தொற! தாழ்ப்பாளை இழு!"

"என்ன... எதுக்கு?"

எதுக்கு. வாயு என்று சொல்ல வேண்டும். அலாரம் சரியாகத்தான் கத்தியது என்று சொல்ல வேண்டும். மூத்திரம் பொய் என்று சொல்ல வேண்டும். அந்தச் சாவு நிமிஷத்திலும் அவன் மூளை ஒரு கணக்குப் போட்டது. அவளை வெளியே வரவைத்தால் போதும். எதையாவது சொல்லி வரவைத்துவிட்டால் போதும். அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

"குதிரை அவுத்துக்கிட்டு ஓடிருச்சு! வா, வந்து புடி!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவள் எழுகிறாள் என்று நினைத்தான். அவள் புரண்டு படுத்தாள்.

"நீயே புடிச்சுக் கட்டு..." குரலில் சிரிப்பு இருந்தது. "இங்க கதகதன்னு இருக்கு..."

"க்ளென்!"

பதில் இல்லை.

"சார்," என்றது அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். மரியாதையான குரல். "இன்னும் ஒண்ணு."

ஆரின் திரும்பவில்லை. பனியில் காலடிச் சத்தம் இல்லை. கழுத்தில் மூச்சு படவில்லை. ஆனால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, காது சிவக்க, காத்திருக்கிற ஒருத்தன் நிற்பது முதுகுத் தோலில் தெரிந்தது.

"அன்னைக்குக் கேக்க விடல நீங்க."

"அலாரம் சரியாத்தான் கத்துச்சு!" ஆரின் தகரத்தில் வாயை வைத்துக் கத்தினான். கடைசியில் வந்தேவிட்டது. வாந்தி மாதிரி கொட்டியது. "மூத்திரம்னு சொன்னது பொய்! வாயு, க்ளென், எழுந்திரு! அந்தக் கம்பிய வளைச்சது நான்! தூங்கலாம்னு சொன்னது நான்! அந்தப் பிள்ளைங்களக் கொன்னது நான்தான்! கேக்குதா உனக்கு? க்ளென்! நான்தான்!"

மலை முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டியவளுக்குக் கேட்கவில்லை.

குரல் போகிற வரை கத்தினான். கை ரத்தமாகிற வரை அடித்தான். எவ்வளவு நேரமோ. பிறகு, யாரும் தொடாமல், உள்ளே தாழ்ப்பாள் நிதானமாக நகர்ந்தது.

கதவு திறந்தது.

சூடு முகத்தில் அடித்தது. ஆரஞ்சு வெளிச்சத்தில் கட்டில் தெரிந்தது. க்ளென்னா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் இரண்டும் ரோஜா நிறம். உதடு சிவந்து, பாதிச் சிரிப்பில் நின்றிருந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. அவளுக்குப் பின்னால், அதே போர்வைக்குள், அதே ரோஜா முகத்தோடு இன்னொருத்தி. அவள் கை க்ளென்னாவை மார்போடு அணைத்திருந்தது. அவள் மட்டும் கண் திறந்திருந்தாள். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

க்ளென்னாவின் நெஞ்சில் மஞ்சள் தாள் விரிந்து கிடந்தது. அவன் சட்டைப் பையில் இப்போது பேட்டரி மட்டும்தான் இருந்தது.

ஆறாவது கேள்விக்குப் பக்கத்திலும் சிவப்பாக ஒரு டிக். மை இன்னும் காயவில்லை.

ஆரின் தன் வலது கையைப் பார்த்தான். விரலுக்கு நடுவே கடையின் சிவப்புப் பேனா இருந்தது.